ஏழாவது கம்பத்து இருமல்

ஏழாவது கம்பத்துக்குப் பக்கத்தில் தினமும் விடிந்த கொஞ்ச நேரத்தில் யாரோ இருமினார்கள். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வால்பாறைக் குளிரில் விடியற்காலை நாலு பேர் இருமத்தான் செய்வார்கள். ஆனால் கம்பம் அனுப்பிய கணக்கின்படி, இருமியவர் தரையிலிருந்து இரண்டு மாடி உயரத்தில் இருந்தார்.

அந்த இடத்தில் மாடி எதுவும் கிடையாது. இடுப்பளவுத் தேயிலைச் செடிகள், நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரங்கள், கீழே ஒரு ஓடை, ஓடைக்கு அப்பால் காடு. அவ்வளவுதான்.

கம்பங்களைப் பராமரிக்கும் தவசீலனுக்கு இந்த இருமல் தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது. கம்பத்தின் உச்சியில் ஒரு ஒலிவாங்கி, அடியில் ஒன்று. ஆள் தரையில் நின்று இருமினால் சத்தம் அடியில் இருப்பதை முதலில் தொடும். உச்சியைக் கண் இமைக்கும் நேரத்தில் நூறில் ஒரு பங்கு தாமதமாகத் தொடும். அந்தத் தாமதத்தை வைத்துத்தான் இருமல் எங்கிருந்து வந்தது என்று இயந்திரம் கணக்கிடும். இந்த இருமலோ உச்சியை முதலில் தொட்டது. தவசீலன் இரண்டு ஒலிவாங்கிகளையும் மாற்றினான். கம்பியை மாற்றினான். எட்டாவது கம்பத்தின் கருவியைக் கழற்றி ஏழாவதில் மாட்டினான். எட்டாவதில் யாரும் வானத்திலிருந்து இருமவில்லை. ஏழாவதில் மறுநாளும் இருமினார்கள்.

இந்தக் கம்பங்களை முதலில் நட்டது யானைகளுக்காக. யானைகள் தமக்குள் பேசிக்கொள்ளும் அடிக்குரல் மனிதக் காதுக்கு எட்டாது, கம்பத்துக்கு எட்டும். யானை நெருங்கினால் உச்சியில் சிவப்பு விளக்கு எரியும். தேயிலை பறிக்கப் போனவர்கள் திரும்பிவிடுவார்கள். அப்புறம் அந்தப் பெரிய காய்ச்சல் வந்து, தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் பல கதவுகள் பூட்டியே கிடந்த வருடம் வந்தது. அதன் பிறகு அதே கம்பங்களுக்கு இருமலையும் கற்றுக்கொடுத்தார்கள்.

கற்றுக்கொடுக்க முடிந்ததற்குக் காரணம், ஒவ்வொரு நோயும் நெஞ்சை ஒவ்வொரு விதமாகக் கெடுக்கிறது. சளி நிறைந்த நுரையீரலின் இருமல் ஈரமாக இருக்கும். வீங்கிய குரல்வளையின் இருமல் நாய் குரைப்பது போல இருக்கும். லட்சக்கணக்கான இருமல்களைக் கேட்டுப் பழகிய இயந்திரத்துக்கு இந்த வேறுபாடுகள் நமக்கு மல்லியும் புதினாவும் போல. அதோடு, ஒருவருடைய இருமல் இன்னொருவருடையதைப் போல இருக்காது. எனவே என்ன நோய் என்பதோடு யாருக்கு என்பதையும் கம்பம் சொல்லிவிடும். லைன் வீட்டுச் சுவர்களிலும் இதே வேலையைச் செய்யும் சின்னப் பெட்டிகள் உண்டு. எஸ்டேட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: காது.

காது பலரைக் காப்பாற்றியிருக்கிறது. காசநோய் இருப்பது தெரியாமலே இருந்தவர்களை முதல் மாதத்திலேயே கண்டுபிடித்து மருந்து கொடுக்க வைத்திருக்கிறது. அதோடு ஒரு விதியும் வந்தது. காதில் விழுந்த இருமல் சந்தேகமானது என்றால், அந்த ஆளின் கைரேகையை ஃபேக்டரி வாசலும் இலை எடை போடும் இடமும் ஏற்காது. இருமல் முழுக்க நின்ற பிறகுதான் ஏற்கும். அதுவரை வேலை இல்லை, சம்பளமும் இல்லை.

தவசீலன் டிஸ்பென்சரிக்குப் போனபோது நர்ஸ் செலின் ஊசிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், ஏழாவது கம்பத்துல உங்களுக்கு ஒரு பேஷன்ட் இருக்கார். மரத்து மேல குடியிருக்கார்."

"எறங்கி வரச் சொல்லு. வீட்டுக்குப் போய்ப் பாக்குறதுக்கு எனக்கு மரம் ஏறத் தெரியாது."

"சும்மா கேட்டுப் பாருங்க."

பதிவைப் போனில் ஒலிக்க விட்டான். மூச்சு வாங்க இடைவெளியே இல்லாமல் அடுக்கடுக்காக இருமல்கள். கடைசியில் காற்றை உள்ளே இழுக்கும் நீண்ட கூவல், ஊ என்று. செலினின் கை அடுக்குவதை நிறுத்தியது.

"மறுபடி போடு."

போட்டான்.

"கக்குவான் இருமல் தம்பி இது. நல்ல முத்துன கக்குவான். உன் மிஷின் என்ன சொல்லுது?"

"கக்குவான்னுதான் சொல்லுது. ஆள் யாருன்னு தெரியலங்குது. இங்க இருக்குற ஒருத்தரோடயும் ஒத்துப்போகல."

"அப்ப வெளியாளா?"

"வெளியாள் தெனமும் வந்து மரத்துல ஏறி இருமிட்டுப் போறாரா?"

மறுநாள் விடியலில் இருவரும் ஏழாவது கம்பத்தடியில் நின்றார்கள். பனி தேயிலை மேல் பாய் விரித்தது போலக் கிடந்தது. கம்பத்து விளக்கு பச்சையாக இருந்தது, யானை இல்லை. வெளிச்சம் கொஞ்சம் கூடியதும் சில்வர் ஓக் உச்சியில் ஒரு கழுகு கத்தியது. நிமிர்ந்து பார்த்தால் கழுகு இல்லை. பிறகு ஃபேக்டரி சங்கு ஊதியது. ஃபேக்டரி இருக்கும் திசையோ இவர்களுக்குப் பின்னால். பிறகு அதே மரத்திலிருந்து அந்த இருமல், அடுக்கடுக்காக, கூவலோடு.

உச்சிக்கிளையில் ஒரு கரிச்சான் உட்கார்ந்திருந்தது. மினுங்கும் கறுப்பு. வாலிலிருந்து இரண்டு நீண்ட கம்பிகள், ஒவ்வொன்றின் நுனியிலும் துடுப்புப் போல ஒரு சின்ன இறகு. இருமி முடித்துவிட்டு அது இறகைக் கோதிக்கொண்டது.

செலின் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "போடா, பேஷன்டைப் பிடி. நாக்க நீட்டச் சொல்லு."

தவசீலனுக்குச் சிரிப்பை விட நிம்மதி அதிகமாக இருந்தது. கருவியில் கோளாறு இல்லை. கணக்கும் சரி. துடுப்புவால் கரிச்சான் மற்ற பறவைகளின் குரலை எல்லாம் திருடும் என்று அவனுக்குத் தெரியும். இருமலைத் திருடும் என்று தெரியாது.

அன்று சாயங்காலமே வடிகட்டியை எழுதிவிட்டான். ஒன்றும் கஷ்டமில்லை. மனிதன் இருமும்போது அகலமான நெஞ்சுக்கூடு முழுக்க ஒரு மத்தளமாக அதிரும். அதில் கனமான அடி ஒலி இருக்கும். கைக்குள் அடங்கும் கரிச்சானால் இருமலின் வடிவத்தை அச்சாகப் பிடிக்க முடியும், அந்த அடி ஒலியை எழுப்ப முடியாது. அடி ஒலி இல்லாத இருமலைத் தள்ளிவிடு என்று இயந்திரத்துக்குச் சொன்னான். ஆள் யாரென்று கம்பத்துக்குத் தெரியாமல் போனதும் இதனால்தான்; ஆளை அடையாளம் காட்டுவது அந்த அடி ஒலி. மேனேஜர் கோகுல்நாத் போனில் பாராட்டினார். "காக்கா குருவிக்கெல்லாம் லீவு கொடுக்காம பாத்துக்கிட்டீங்க, நன்றி" என்றார்.

மறுநாள் காலை தவசீலன் டீ குடிக்க டிஸ்பென்சரிக்குப் போனபோது செலின் டம்ளரை நீட்டிவிட்டு எதிரே வந்து நின்றார்.

"என்ன சிஸ்டர்?"

"ஒண்ணு கேக்கணும். அந்தக் குருவி கழுகு மாதிரி கத்துதுன்னா, கழுகு கத்துனதக் கேட்டிருக்கு. சங்கு ஊதுதுன்னா, சங்கக் கேட்டிருக்கு."

"ஆமா."

"கக்குவான எங்க கேட்டுச்சு?"

தவசீலன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"ஒரு தடவ கேட்டா கத்துக்குமா?"

"கத்துக்காது. திரும்பத் திரும்பக் கேக்கணும். பக்கத்துல இருந்து கேக்கணும்." அவன் மெதுவாகச் சொன்னான். "ஆனா எந்தக் கம்பத்துலயும் அப்படி ஒரு மனுச இருமல் பதிவாகல. எந்த வீட்டுலயும் பதிவாகல. நேத்து வடிகட்டிய எழுதுறப்பவே எல்லாப் பதிவையும் பாத்தாச்சு."

"உன் காது கேக்காத எடம் ஏதாச்சும் இருக்கா?"

இருந்தது. ஒரே ஒரு இடம். ஓடைக்கு அந்தப் பக்கம், காட்டின் விளிம்பு. தண்ணீர் பாறையில் விழும் இரைச்சல் எந்த இருமலையும் அமுக்கிவிடும். யானைத் தடம் என்பதால் அங்கே யாரும் போவதில்லை.

"அங்க போயி எதுக்கு ஒருத்தர் இருமணும்?" என்றான்.

செலின் அவனைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. "காதுல விழாம இருமணும்னா வேற எங்க போறது தம்பி?"

அவர்கள் கரிச்சானின் பதிவுகளை முதலிலிருந்து கேட்டார்கள். இருமல், கூவல். சில பதிவுகளில் கூவலுக்குப் பிறகு இன்னொன்றும் இருந்தது. தவசீலன் அதைப் பறவையின் சொந்தக் குரல் என்று நினைத்து ஒதுக்கியிருந்தான். ஒரு சீழ்க்கை, இரண்டு முறை. முதலாவது நீளம், அடுத்தது குட்டை, முடிவில் மேலே ஏறும்.

"விசில் அடிக்குறாங்க" என்றார் செலின். "இருமி முடிச்சதும் யாரையோ கூப்பிடுறாங்க. காட்டோரம் தனியாப் போறவங்க யாரக் கூட்டிட்டுப் போவாங்க?"

"நாய."

லைன் வீடுகள் பக்கத்தில்தான் இருந்தன; இருவரும் அங்கே போனார்கள். பறிப்புக்குப் போனவர்கள் போய்விட்டிருந்தார்கள். கொடியில் துணி ஆடிக்கொண்டிருந்தது. தவசீலன் போனின் ஒலியைக் கூட்டி, கரிச்சானின் சீழ்க்கையை மட்டும் போட்டுக்கொண்டே நடந்தான். முதல் வரிசையில் இரண்டு நாய்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டன. இரண்டாவது வரிசையில் ஒரு நாய் எழுந்து குரைத்தது. அது எல்லாவற்றுக்கும் குரைக்கும் நாய். மூன்றாவது வரிசைக் கோடியில் ஒரு செவலை நாய், காதை விறைத்துக்கொண்டு ஓடி வந்து, தவசீலனின் காலைச் சுற்றி, அவன் யாரோ என்று கண்டதும் வெட்கப்பட்டது போல வாலைத் தாழ்த்தியது.

"ராக்கெட், இங்க வாடா" என்று ஒரு பெண் குரல் கூப்பிட்டது.

பூங்கனி கதவருகே நின்றாள். தோளில் ஒரு கைக்குழந்தை. கணவன் ஜெயசிங் ஃபேக்டரியில் இலை வாட்டும் மாடியில் வேலை செய்பவன். குழந்தை பிறந்து ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகியிருந்தது. கக்குவானுக்கான முதல் தடுப்பூசிக்கு இன்னும் வயது வரவில்லை.

"வாங்க சிஸ்டர். என்ன, காலையிலயே?"

"சும்மாத்தான். பாப்பாவப் பாத்துட்டுப் போலாம்னு. ஜெயசிங்குக்கு இருமல் ஏதும் இருக்கா?"

பூங்கனியின் கண் சுவரில் இருந்த பெட்டிக்குப் போய் வந்தது. பெட்டியில் பச்சை விளக்கு.

"இல்லையே சிஸ்டர். வேணும்னா இதப் பாருங்க, பச்சதான் எரியுது. இந்த வீட்டுல ஒருத்தரும் இருமல."

"பாப்பா?"

"பாப்பா இருமவே இல்ல. ரொம்ப அமைதியா இருக்கா. ரெண்டு நாளா பால்தான் சரியாக் குடிக்க மாட்டேங்குறா. தூங்கிட்டே இருக்கா."

செலின் கையைக் கழுவி, முகக்கவசம் போட்டுக்கொண்டு, குழந்தையை வாங்கினார். மடியில் கிடத்திச் சட்டையை விலக்கி நெஞ்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தவசீலனும் பார்த்தான். சின்ன நெஞ்சு ஏறியது, இறங்கியது. ஏறியது, இறங்கியது. பிறகு ஏறவில்லை.

சத்தமே இல்லை. சுவரில் பச்சை விளக்கு அப்படியே எரிந்தது. குழந்தையின் உதட்டைச் சுற்றி மெல்ல நீலம் படர்ந்தது.

செலின் குழந்தையைப் பக்கவாட்டில் திருப்பி முதுகை அழுத்தித் தேய்த்தார். பாதத்தில் விரலால் சுண்டினார். மறுபடி சுண்டினார். "வாடீ தங்கம், வா" என்றார். குழந்தை ஒரு விக்கலோடு மூச்சை இழுத்து, முனகியது. நீலம் விலகியது.

"தவசீலா, ஜீப்ப எடு. டிஸ்பென்சரியில ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கு, சின்னது. பூங்கனி, நீ ஏறு. அழுவாத. மூச்சு இருக்கு."

ஃபேக்டரி வாசலில் ஜெயசிங்கை ஏற்றிக்கொண்டார்கள். அவனிடம் யாரும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. குழந்தை முகத்தில் ஆக்சிஜன் குழாயைப் பார்த்தான். முன் சீட்டில் உட்கார்ந்து செலின் நீட்டிய முகக்கவசத்தைக் கட்டிக்கொண்டான். முதல் கொண்டை ஊசி வளைவு திரும்புவதற்குள் அவனுக்கு இருமல் வந்தது. அடுக்கடுக்காக, முகம் சிவந்து, கண்ணில் நீர் கொட்ட. கடைசியில் அந்தக் கூவல். தவசீலன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். கரிச்சான் அதை அச்சாகப் பிடித்திருந்தது.

"எத்தன நாளா?" என்றார் செலின் பின்னாலிருந்து.

"பாப்பா பொறக்குறதுக்கு முந்தியே ஆரம்பிச்சிருச்சு சிஸ்டர். இவளுக்கு வேல இல்லாத நேரம். என் கைரேகையும் ஓடலைன்னா சோத்துக்கு எங்க போறது? போன வருசம் ஒம்போதாம் நம்பர் வீட்டுச் சந்திரபோசு இருமி ரெண்டு மாசம் வீட்டுல கெடந்தான்." மூச்சு வாங்கினான். "வீட்டுல ஒரு தடவகூட இருமல சிஸ்டர். வருதுன்னு தெரிஞ்சா அடக்கிட்டு ஓடைக்கு ஓடிருவேன். ராக்கெட் யான வாசனைக்குக் கொரைக்கும், அதனால அவனையும் கூட்டிட்டுப் போவேன். பாப்பாவுக்கு ஒட்டக் கூடாதுன்னும்தான் வெளிய போயி இருமுனேன். அவ இருமவே இல்லையே, எப்படி வந்துச்சு?"

செலின் குழந்தையின் நெஞ்சிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார்.

"நம்ம மூச்சுக் குழாய்க்குள்ள பூரா சின்னச் சின்ன ரோமம் இருக்கு ஜெயசிங். காத்துல நெல்லு ஆடுற மாதிரி ஆடிக்கிட்டே இருக்கும். தூசி, சளி எல்லாத்தையும் மேல தள்ளிக்கிட்டே இருக்கும். கக்குவான் கிருமி நேரா போயி அந்த ரோமத்தத்தான் பிடிக்கும். பிடிச்சு வெஷத்த விடும். ரோமம் நின்னு போச்சுன்னா சளி தள்ள வழியில்ல. அப்ப ஒடம்பு என்ன செய்யும்? இருமித் தள்ளும். பெரியவங்களுக்கு நெஞ்சுல பலம் இருக்கு, இருமுறோம். இத்தினிக்கூண்டு நெஞ்சுக்கு அந்த பலம் ஏது? இது இருமாது. மூச்ச விட்டுட்டுச் சும்மா இருந்துரும். அவ்வளவுதான்."

ஜீப் ஒரு வளைவில் திரும்பியது. கீழே ஆழியாறு அணை தகடு போலத் தெரிந்தது.

"நீ இருமல அடக்குன. பேசுனல்ல? கொஞ்சுனல்ல? பக்கத்துல படுத்துத் தூங்குனல்ல? கிருமி வர்றதுக்கு அது போதும்."

ஜெயசிங் கையால் முகத்தை மூடிக்கொண்டான்.

"ஒன்னத் திட்டுறதுக்குச் சொல்லல. ஆரம்பத்துலயே மாத்திர போட்டிருந்தா ஒரே வாரத்துல ஒன்கிட்ட இருந்து யாருக்கும் ஒட்டாம போயிருக்கும். ரோமம் மறுபடி மொளைக்க மாசக்கணக்காகும், அதுவரைக்கும் இருமல் இருக்கும். கிருமி போன அப்புறமும் இருக்கும். நம்ம மிஷினுக்கு அது தெரியாது. இருமல் இருக்கு, வாசல மூடுன்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும்."

தவசீலன் கண்ணாடியில் பார்த்தான். செலினின் விரல் குழந்தையின் பாதத்தில் தயாராக இருந்தது. மலையை விட்டு இறங்குவதற்குள் இன்னும் இரண்டு முறை அந்த விரல் சுண்ட வேண்டியிருந்தது.

பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவு டாக்டர் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே போனவர் வெகுநேரம் கழித்து வந்தார். "இன்னைக்கு ராத்திரி வீட்டுல வச்சிருந்தா காலையில உங்களுக்குக் காரணமே தெரிஞ்சிருக்காது" என்று பூங்கனியிடம் சொன்னார். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

பூங்கனி செலினைப் பார்த்தாள். செலின் தவசீலனைப் பார்த்தார்.

"ஒரு குருவி சொல்லுச்சு டாக்டர்" என்றான் தவசீலன். டாக்டர் அதைப் பேச்சு வழக்காக எடுத்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போனார்.

அவன் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தான். முந்தைய நாள் மாலை அவன் எழுதிய வடிகட்டி அழகாக வேலை செய்துகொண்டிருந்தது. அன்று விடியலிலும் கரிச்சான் இருமியிருந்தது. இயந்திரம் அதைக் கேட்டு, பறவை என்று தெரிந்துகொண்டு, யாருக்கும் சொல்லாமல் தள்ளிவிட்டிருந்தது. தள்ளப்பட்டவை கிடக்கும் இடத்தில் அது ஒரு வரியாக இருந்தது. செலின் டீ டம்ளரோடு அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் அது அங்கேயே கிடந்திருக்கும். அவன் 'தள்ளிவிடு' என்று இருந்த கட்டளையை அழித்துவிட்டு, 'செலின் சிஸ்டருக்குத் தெரிவி' என்று எழுதினான்.

குழந்தை சில வாரங்கள் கழித்து, நிறைய மெலிந்து, ஆனால் வாய் நிறைய அழுதுகொண்டு வீடு வந்தது. அந்த அழுகையைக் கேட்க மூன்றாவது வரிசையே கூடியது. ஜெயசிங் வீட்டிலிருந்து தொடங்கி அந்த லைன் முழுக்க செலின் மாத்திரை கொடுத்திருந்தார். இன்னும் இரண்டு வீடுகளில் வீட்டுக்கு ஒருவரிடம் கிருமி இருந்தது. இருவரும் ஓடைப் பக்கம் போகிறவர்கள்தான். ஒருவரை ஒருவர் அங்கே பார்த்திருக்கிறார்கள், பேசிக்கொண்டதில்லை.

விதியைப் பற்றிப் பேச மேனேஜர் கோகுல்நாத் எல்லோரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் அல்ல. அவருடைய டிரைவரின் காசநோயைக் கண்டுபிடித்ததே காதுதான். அந்த டிரைவர் இன்றைக்கும் அவருக்கு வண்டி ஓட்டுகிறார்.

"காத எடுக்கச் சொல்லாதீங்க சிஸ்டர். அது மட்டும் முடியாது."

"யார் எடுக்கச் சொன்னா? அது இல்லைன்னா எனக்குத்தான் வேல ஓடாது. வாசல மூடுறத மட்டும் நிறுத்துங்க. இருமல் கேட்டா எனக்கு மட்டும் சொல்லட்டும். ஒட்டுற நோய்னா அது ஒட்டாமப் போற வரைக்கும் வீட்டுல இருக்கட்டும், சம்பளத்தோட. அதுக்கப்புறம் இருமுனாலும் வேலைக்கு வரட்டும்."

"சம்பளத்தோட லீவுன்னா நாளைக்கு எல்லாரும் கம்பத்துக்குக் கீழ வரிசையா நின்னு இருமுவாங்க."

"இருமட்டும் சார். ஒவ்வொருத்தருக்கும் மூக்குக்குள்ள கண்ணு வரைக்கும் குச்சி விட்டு டெஸ்ட் எடுப்பேன். ஓசி லீவுக்கு அத ஒருத்தன் ரெண்டாந்தடவ கேக்கட்டும், பாக்கலாம்."

தவசீலன் சிரித்துவிட்டான். மேனேஜரும்.

"சார்," என்றான் தவசீலன், "காது நல்லாத்தான் கேக்குது. கேட்டா தண்டனைன்னு தெரிஞ்சதும் ஆளுங்க காது இல்லாத எடத்துக்குப் போயிட்டாங்க. யான வர்ற எடத்துக்கு. நம்ம திரையில எல்லாமே பச்சையா இருந்துச்சு. நோய் கொறஞ்சதால பச்சையில்ல சார்."

கோகுல்நாத் குறித்துக்கொண்டார். மேலிடத்துடன் பேச வேண்டும் என்றார். பேசினார். விதி மாறியது.

முதல் சில நாட்கள் யாரும் நம்பவில்லை. பிறகு ஒரு காலை, பறிப்புக்குப் போகும் வழியில், சந்திரபோஸ் ஏழாவது கம்பத்துக்கு நேர் கீழே நின்று, மைக் முன்னால் நிற்பவரைப் போலத் தொண்டையைச் செருமி, "ஹலோ" என்று சொல்லிவிட்டு இருமினார். பெண்கள் சிரித்தார்கள். வெறும் சளிதான். சம்பளம் குறையவில்லை என்பதை அந்த வாரக் கடைசியில் அவர் எல்லோரிடமும் காட்டினார்.

ஜெயசிங் ஒரு நாள் தவசீலனைத் தேடி வந்தான். இருமல் ஏறக்குறைய நின்றிருந்தது. கையில் குழந்தை.

"அண்ணே, அந்தக் குருவிக்கு எதாச்சும் செய்யணும்ணே. சோறு வச்சேன், தொடல. பழம் வச்சேன், மைனா தின்னுட்டுப் போயிருச்சு."

"அது பூச்சி தின்னும் பறவைப்பா. வெளக்குக்கு வர்ற விட்டில்னா உயிர விடும்."

ஜெயசிங் யோசித்தான். "ராத்திரியில எரியுற கம்பத்து வெளக்க விடிஞ்சதும் உடனே அணைக்காம, வெளிச்சம் நல்லா வர்ற வரைக்கும் எரிய விட முடியுமாண்ணே?"

முடியும். அது ஒரு சின்ன மாற்றம். இப்போது ஏழாவது கம்பத்தின் இரவு விளக்கு மற்றவற்றை விடக் கொஞ்சம் தாமதமாக அணைகிறது. இரவெல்லாம் அதைச் சுற்றிய விட்டில்கள் கம்பத்தில் அசந்து ஒட்டிக்கொண்டிருக்கும். கரிச்சான் சில்வர் ஓக்கிலிருந்து பாய்ந்து, ஒவ்வொன்றாகக் கொத்திக்கொண்டு போகும். பறிப்புக்குப் போகிறவர்கள் அதற்கு டாக்டர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். "டாக்டர் சாப்பிடுறாரு, தள்ளிப் போங்க" என்பார்கள்.

மழைக்காலம் முடிவதற்குள் கரிச்சான் கக்குவானை விட்டுவிட்டது. ஓடைக்கரையில் கேட்க யாரும் இருமாததால் அதற்கும் அலுத்துப் போயிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக செலினின் ஸ்கூட்டர் ஹாரனைக் கற்றுக்கொண்டது.

பிறகு ஒரு காலை செலினின் போனுக்குச் செய்தி வந்தது: ஏழாவது கம்பம், கரிச்சான், இருமல். கக்குவான் இல்லை. வறண்ட, சின்ன இருமல், இரண்டிரண்டாக. புதியது.

செலினும் தவசீலனும் நாயைத் தேடிப் போகவில்லை. நேராக ஆபீசுக்குப் போய், புது விதியில் யார் விடுபட்டிருக்கிறார்கள் என்று பார்க்கச் சொன்னார்கள். மேனேஜர் படித்துப் பார்த்தார். ஒப்பந்தத்தில் வரும் தற்காலிகப் பறிப்பாளர்களுக்குச் சம்பளத்தோடு ஓய்வு கிடையாது என்று இருந்தது. அது அவர் கண்ணில் படாமல் போயிருந்தது. அவர்களுக்கும் உண்டு என்று அன்றே மாற்றி, பறிக்கும் இடத்துக்கே போய் அறிவித்தார். மறுநாள் ஒரு பெண் தானாகவே டிஸ்பென்சரிக்கு வந்தாள். காசநோய், ஆரம்ப நிலை. மருந்து தொடங்கியாயிற்று, குணமாகிவிடும்.

இப்போது அந்த எஸ்டேட்டில் முறை இதுதான். கம்பத்தில் மனித இருமல் கேட்டால், இருமியவருக்கு மருந்தும் சம்பளத்தோடு ஓய்வும். கரிச்சானிடம் புது இருமல் கேட்டால், யாரோ ஒளிந்து இருமுகிறார் என்று பொருள். அன்று மேனேஜர் விதியைத் திருத்துவார்.